டிஷ் பார்க்க மாடிக்குப் போனவர்கள்

என் அப்பா காளிச்சாமிக்குத் திக்குவாய். போத்தனூரில் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்குக் கேபிள் இணைப்புக் கொடுத்தவர். ஒயர் இழுப்பார், படம் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். பேச்செல்லாம் அம்மாதான். போன மாதம் அப்பா இறந்தார். நான் செயற்கைக்கோள் தொடர்பில் வேலை பார்க்கிறேன். அவரை நினைத்தால் ஒரு சாயங்காலம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

1997. வாரம் ஒருமுறை ஓர் ஆங்கிலத் தொடர் வரும். ஒன்றாகச் சுற்றும் சில நண்பர்கள், அவர்களுடைய காதல் சொதப்பல்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் விடமாட்டார். பையனும் பெண்ணும் ஓட்டலில் தனியாகச் சாப்பிடுவதுதான் அவர்கள் ஊரில் பெண் பார்க்கும் முறை என்று முடிவு செய்திருந்தார்.

“பெ... பெரியவங்க ஒருத்தரும் கூட வர்றதில்ல பாரு. நல்ல பழக்கம்” என்றார் ஒருமுறை. நான் திருத்தவில்லை.

அந்த வருடம்தான் அக்கா கயல்விழியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிரவின்குமார், பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். அக்கா அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத ஆளக் கட்டிக்க மாட்டேன். பேச்சில்லாத ஊட்ல இருந்து இன்னொரு பேச்சில்லாத ஊட்டுக்கா போறது?”

அப்பா அங்கேயே உட்கார்ந்து ஒயர் சீவிக்கொண்டிருந்தார்.

பெரியவர்களால் கூடம் நிறைந்துவிட்டது. பிரவின்குமார் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங் கண்ணு, புள்ளகிட்ட எதாச்சும் கேளேன்” என்றார் அவருடைய அத்தை காளியாத்தாள்.

பிரவின்குமார் பதறி, காபியைப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டார்.

“லீவு கேக்கறதுக்கே இவனுக்குத் துணைக்கு ஆள் வேணுமுங்க” என்று அவருடைய மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா உள்ளே போகத் திரும்பினாள்.

அப்பா எழுந்தார். “போ... போன வாரம் டிவில” என்றார். அம்மா அவருக்காகப் பேச வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

“ஒரு பையன், ஓ... ஓட்டலுக்குப் பொண்ணு பாக்கப் போனானுங்க. சூப்ப அந்தப் புள்ள ம... மடியில கொட்டிப்போட்டான். அந்தப் புள்ள எந்திரிச்சுப் போகலீங்க. ரெண்டும் சி... சிரிச்சுதுக. வேடிக்கை பாக்க அங்க ஆளில்லீங்க, அதான்.”

அப்பா மாடிப்படியைக் காட்டினார்.

“மேல டி... டிஷ் இருக்குதுங்க. எல்லாரும் வாங்க, காட்டறேன்.”

“அதுல என்னத்தப் பாக்கறது?” என்றார் காளியாத்தாள்.

“நீங்க பாக்கற சீ... சீரியல் அங்கிருந்துதானுங்க வருது.”

அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினார். பேன்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பிரவின்குமாரும் அக்காவும் தவிரக் கூடமே காலியானது.

மொட்டை மாடியில் அப்பா பேசினார். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி நிற்பதை, அங்கிருந்து சிக்னல் எவ்வளவு மெலிந்து வருகிறது என்பதை, இந்தத் தட்டு அதை எப்படிக் கூட்டிச் சேர்க்கிறது என்பதை. சொற்கள் அடைபட்டன. அடைபட்ட இடத்திலேயே நின்று, திறந்ததும் மேலே போனார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. காளியாத்தாள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கீழே ஓர் ஆண்குரல் கேட்டது. பிறகு அக்காவின் குரல். அப்பா நிறுத்திக்கொண்டார்.

அவரை எரித்துவிட்டு வந்த அன்று மச்சானிடம் கேட்டேன், அன்றைக்குக் கீழே முதலில் என்ன பேசினீர்கள் என்று.

“ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல மாப்ள. மாமா பேசறது படிக்கட்டு வழியாக் கேட்டுட்டே இருந்துச்சு. நிக்கும், மறுபடி வரும். அப்பறந்தான் எனக்கு வாய் வந்துச்சு. உங்கப்பா எப்பவுமே இப்படித்தான் பேசுவாருங்களான்னு கேட்டேன்.”

“நீ என்ன சொன்னே?” என்றேன் அக்காவிடம்.

“பேசவே மாட்டாருங்க, இன்னிக்குத்தான்னு சொன்னேன்” என்றாள்.