பதிலுக்கு நான் கொடுத்த மூன்று தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் மாரிகுப்பத்துக்கு வந்து என் பேஸ் கிட்டாரைப் பாருங்கள். அதில் ஒரு கம்பிகூட இல்லை. எல்லாவற்றையும் நானே கழற்றிவிட்டேன். கதை கட்டிப் பேர் வாங்க எனக்கு ஆசையில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1996 டிசம்பர். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு எங்கள் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேஸ். என் தங்கை ஷோபாவின் புருஷன் மனோகர் டிரம்ஸ். ஷோபாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பகலில் எனக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாயில் நின்று மணி அடிப்பேன். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தால் கேஜில், அதாவது கூண்டு லிஃப்டில், ஆள் ஏறப் போகிறது என்று அர்த்தம். பதிலுக்கு நானும் மூன்று கொடுக்க வேண்டும். அப்புறம் ஒன்று வந்தால் மேலே, இரண்டு வந்தால் கீழே. ஓடுகிற கேஜை நிறுத்தவும் ஒன்றுதான். தூக்கத்தில் கேட்டால்கூட என் கை தானாகப் பதில் அடிக்கும்.

அந்த வாரம் பெங்களூரில் ஒரு பெடல் வாங்கியிருந்தேன். நாலு கம்பி பேஸில் தடித்த கம்பியை ரொம்பத் தளர்த்தினால் தொளதொளத்துவிடும். இந்தப் பெடலைக் காலால் அமுக்கினால் போதும். கம்பி விறைப்பாகவே இருக்கும், சுருதி மட்டும் கீழே இறங்கும்.

மூடிப்போன ஒரு ஷாஃப்ட்டை ஒட்டிய பழைய ஹாலில்தான் பிராக்டீஸ். பலகைத் தரை. சாயங்காலம் ஐந்தரை. வெளியே நல்ல வெளிச்சம். நாங்கள் இரண்டு பேர்தான்.

"இன்னா மச்சான், இவ்ளோதானா? இன்னும் எறக்கு."

இறக்கினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்னும் இறக்கினேன். சத்தம் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை... தரைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏர் பிளாஸ்ட்டுபா," என்றான் மனோகர்.

சுரங்கத்தில் பாறை வெடித்தால் எங்கள் ஊரே ஆடும். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிற ஆட்கள் நாங்கள். எழுந்து ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும்.

டக். டக். டக்.

பலகைக்கு அடியில்...

என் பாழாய்ப்போன கை யோசிக்கவே இல்லை. தடித்த கம்பியில் மூன்று கொடுத்துவிட்டது.

டக். ஒன்று.

இரும்புக் கயிறு சுற்றுகிற சத்தம். அந்த ஷாஃப்ட்டில் கயிறே கிடையாது. என்றோ கழற்றிவிட்டார்கள்.

பலகை பிளந்தது. ஒரு கை வந்தது. சாம்பல் நிறம். நகங்கள் பிய்ந்திருந்தன. மனோகரின் கணுக்காலைப் பிடித்தது.

"மச்சான்! இஸ்துக்குனு போறான் மச்சான்!"

தொடை வரை உள்ளே போய்விட்டான். எலும்பு முறிவது கேட்டது. சிம்பல் ஸ்டாண்டைப் பிடுங்கி அந்தக் கையின் மேல் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். விரல்கள் நசுங்கின. ரத்தம் வரவில்லை. தூசிதான் வந்தது.

பிடி விடவில்லை.

இடுப்பு வரை...

அப்போதுதான் புத்தி வந்தது. பெடலை மிதித்தேன். கம்பியை ஓங்கி அடித்தேன்.

ஒன்று.

எல்லாம் நின்றது.

அவனை வெளியே இழுத்தேன். முழங்காலுக்குக் கீழே தோலே இல்லை.

பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். ஷோபா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். காலையில் நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மனோகர் இல்லை. விடிவதற்குள் போய்விட்டான்.

நர்ஸ் தெரசா வெளியூர்ப் பெண். எங்கள் மணிக் கணக்கு அவளுக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கட்டில் கம்பில மூணு மூணா தட்டிக்கிட்டே இருந்தாருங்க. பாவமா இருந்துச்சு. சமாதானமாவட்டும்னு நானும் மூணு தட்டினேன். உடனே சிரிச்சாரு."

"அப்புறம்?"

"ரெண்டு தட்டு கேட்டுச்சு. அதோட மூச்சு நின்னுடுச்சுங்க."

"ரெண்டு அவன் தட்டினானா?"

"இல்லைங்க. அவரு ரெண்டு கையையும் நான்தான் பிடிச்சிருந்தேன். சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்துச்சு."