இரண்டு வரிசை

எங்கள் சபையில் நிற வேற்றுமை கிடையவே கிடையாது என்று கமிட்டியில் அடித்துச் சொன்னவன் நான். அப்போதுதான் நாங்கள் குடியிருக்கும் சாங்வியில் எங்கள் தமிழ்ச் சபைப் போதகரும், மராத்தி சபைப் போதகரும், ஆப்பிரிக்க மாணவர்களின் போதகரும் சேர்ந்து மாதம் ஒருமுறை கூட்டு ஆராதனை தொடங்கினார்கள்.

முதல் மாதத் திருவிருந்தில் இரண்டு வரிசை. எங்கள் போதகர் ஒரு பக்கமும் ஆப்பிரிக்கப் போதகர் மறுபக்கமும் திராட்சரசப் பாத்திரத்தோடு நின்றார்கள். தமிழரும் மராத்தியரும் எங்கள் போதகரிடமே போனோம். அந்தப் பக்கம் ஃபேன் இல்லை என்று வீட்டில் காரணம் சொன்னேன்.

அடுத்த மாதம் எங்கள் போதகர் பாத்திரத்தைத் தொடவில்லை. மராத்திப் போதகரோடு போய் ஆப்பிரிக்கப் போதகர் முன் முழங்காலிட்டார். அன்று ஒரே வரிசைதான். நானும் போனேன். அவர், “கிறிஸ்துவின் இரத்தம்” என்று தெளிவான தமிழில் சொல்லி எனக்குக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் எங்கள் போதகரிடம், “அவர் தமிழ் எப்ப கத்துக்கிட்டாருங்கய்யா?” என்றேன்.

“போன மாசமே கத்துக்கிட்டுத்தான் வந்து நின்னாரு. அதைக் கேக்க நம்மாளு ஒருத்தரும் போகல.”