இரண்டாம் இடத்திலிருந்து தொடங்கும் வாக்கெடுப்பு

பால்டிமோர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற எட்வின் வைசோக்கிக்கு ஜனவரி பிறந்தாலே இருப்புக் கொள்ளாது. பேஸ்பால் இல்லாத மாதம் அது. மைத்துனன் காஸ் நடத்தும் மதுக்கடையில் ஒரு ஞாயிறு மதியம் கூடி, மூன்றாவது பேஸில், வேகமாக வரும் பந்தைப் பாய்ந்து தடுக்க வேண்டிய இடத்தில், நின்று ஆடியவர்களில் வரலாற்றிலேயே சிறந்த பத்துப் பேரைக் கைதூக்கி வரிசைப்படுத்துவார்கள். வாக்கெடுப்பு இரண்டாம் இடத்திலிருந்துதான் தொடங்கும். முதலிடம் ப்ரூக்ஸ் ராபின்சனுடையது. உள்ளூர் அணியைவிட்டு வேறெங்கும் போகாதவர். அவருக்கு வாக்கெடுப்பு வைப்பதே அவமரியாதை என்று நினைத்தார்கள். ஊரில் எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். எட்வினும் சூட்டினார்.

சில வருடங்களாக அவருக்கு ஓர் உறுத்தல். பந்தைத் தடுப்பதில் ராபின்சனுக்கு இணையில்லை, சரி. ஆனால் பிலடெல்பியாவின் மைக் ஷ்மிட் அதிலும் சளைத்தவரல்ல. எல்லையைத் தாண்டி அடித்த ஹோம் ரன்களிலோ இரண்டு மடங்கு. சரியென்று தெரிந்த ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன நேர்மை? சொல்லிவிடலாம். மகன்தான் தடை. அந்தப் பெயருக்காகவே பள்ளி அணியில் மூன்றாவது பேஸில் நிறுத்தப்பட்டு, வந்த பந்தையெல்லாம் கோட்டைவிட்டு, கேலிப்பொருளானவன் அவன். இப்போது நாற்பதை நெருங்கி, இந்த வருடக் கூட்டத்திலும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“சரி, ரெண்டாவது இடம். யாருக்கு?” என்றான் காஸ்.

“முதல் இடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்” என்றார் எட்வின்.

“என்ன மச்சான், அதுக்குள்ள ஏறிடுச்சா?”

“என் ஓட்டு ஷ்மிட்டுக்கு.”

“பிலடெல்பியாக்காரனுக்கா? இந்தாளுக்கு இனிமே சிப்பி வறுவல் கிடையாதுப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

காஸ் சிரிக்கவில்லை. “பெத்த பிள்ளைக்கு யார் பேரை வெச்சே? அவனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே சொல்றியே.”

மகன் கோப்பையைத் தள்ளி வைத்தான். “அப்போ என்னை எதுக்குப்பா அங்கே கொண்டுபோய் நிறுத்தினே?”

“பேரை வெச்சா ஆட்டமும் வந்துரும்னு நெனச்சேன்டா.”

“நெனச்சது நீ. பந்தடி வாங்கினது என் மூஞ்சி.”

கடை சிரித்தது. எட்வினால் முடியவில்லை. காஸ் வேறு வழியின்றி முதலிடத்துக்கு வாக்குக் கேட்டான். ராபின்சனுக்கு முதலில் உயர்ந்தது மகனின் கை.

“நீயுமாடா?”

“பின்னே? அத்தனை அடியும் ரெண்டாவது ஆளு பேருக்காகவா வாங்கினேன்?”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஷ்மிட்டுக்கு எட்வின் கை மட்டும். மகன் சொன்னது வாதமே அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.

“ரெண்டாவது இடம், ஷ்மிட்!” என்றான் காஸ். இப்போது எட்வினைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

“தூக்கு மச்சான், உன் ஆளுதானே!”

“ரெண்டாவதுக்கா? மாட்டேன்.”

மகன் சிரித்துவிட்டான். எட்வின் எழுந்து, கோட்டை மாட்டி, கதவுவரை போய், மூன்றாவது இடத்துக்கு யார் பெயர் வருகிறதென்று கேட்கத் திரும்பி வந்தார்.