வாலாட்டிகள் மேலே கொண்டுவந்த சிவப்பு

கோடையில் தண்ணீர் வற்றும்போது எங்கள் மன்னவனூர்க் குட்டையிலிருந்து அழுகிய முட்டை வாடை எழும். நாங்களோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரச் சேற்றில் குந்தி "வாலாட்டி"களை வேடிக்கை பார்ப்போம். நூல் போன்ற அந்தப் புழுக்கள் தலையைச் சேற்றுக்குள் புதைத்து, வாலை மட்டும் தண்ணீரில் ஆட்டியபடி, அடிமண்ணைத் தின்று மேலே கடுகு கடுகாகக் கழித்துக் குவிக்கும். சத்தமில்லாமல் அடிச்சேறு மேலே வந்து, மேல்சேறு அடியில் போய்விடும்.

தம்பி பிறப்பதற்கு முந்தின வருஷம் குட்டை காய்ந்து கிடந்தபோது, விதைக் கிழங்கில் தடவி மிஞ்சிய சிவப்பு விஷப் பொடியை அப்பா சாக்கோடு அங்கே புதைத்திருந்தார். "முழங்கால் ஆழம். ஒரு மழைக்கு வண்டல் மூடிருச்சுன்னா எமனே வந்தாலும் எடுக்க முடியாது" என்றார். பக்கத்துக் காட்டுச் செல்லையா மாமா, "எமனுக்கு வேற சோலி இல்லயா மாப்ள, ஒன் சாக்கத் தேடி வாரதுக்கு?" என்று சிரித்தார். குட்டைக் கரையில் தோண்டிய ஊற்றில்தான் நாங்கள் குடிதண்ணீர் மோந்தோம்.

அடுத்த கோடையில் ஓரிடத்தில் மட்டும் கடுகுகள் சிவந்திருந்தன. அழகாயிருக்கிறதே என்று உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். ஏழு மாத வயிற்றோடிருந்த அம்மா அதைத் தட்டிவிட்டு, தோல் எரிய எரிய என் கையைச் சாம்பலால் தேய்த்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. எம்புட்டு ஆழம்?"

அப்பா கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

"வண்டல் மூடிருமுன்னு நெனச்சேன்டி..."

"மூடத்தான் செஞ்சுச்சு. புழு தொறந்துருச்சு."

மண்வெட்டியோடு போனவர் மக்கிய சாக்கு நார்களோடுதான் திரும்பினார்; பொடி சேற்றோடு கலந்துபோயிருந்தது. அம்மா குடங்களையெல்லாம் கவிழ்த்தாள். அன்றிலிருந்து வெள்ளனே எழுந்து மேட்டு ஓடைக்கு நடந்தாள். தம்பி நல்லபடியாகத்தான் பிறந்தான். ஆனாலும் அவனுக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், அப்பா சோற்றைத் தொடமாட்டார்.

போன மாதம் தம்பி குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். குட்டையைக் காணோம், செம்மண் கொட்டி மேவி, மேலே விடுதி கட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் ஒரு போர்வெல். "மலைத் தண்ணிங்க, நம்பிக் குடிங்க" என்று பணியாள் டம்ளரை என்னிடம் நீட்டினார். தாகத்தோடு தம்பி மகள் அதற்குக் கை நீட்டினாள். நான் டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். அடியில் கிடப்பதை மேலே கொண்டுவந்து காட்ட அங்கே இப்போது ஒரு வாலாட்டிகூட இல்லை.