முன்கூட்டியே ஒரு நன்றி போர்டு

போன மாதத் தொடக்கத்தில் நான் ஒரு விளம்பரம் எழுதினேன். கூலி, பால் விடாத கட்டன் சாயா ஒரு கிளாஸ். பலன்? சொல்கிறேன்... எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, சாந்தன்பாறையில் ஒரு ஏலக்காட்டில் காய் எடுக்கிறவர். சிறுநீர்த் தொற்று என்று மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்.

"நெறையத் தண்ணி குடின்னு டாக்டர் சொல்றாருக்கா. குடிச்சா எங்கிட்டுப் போறது? காட்டுக்குள்ள ஒதுங்குனா அட்டை, பாம்பு... போதாததுக்குச் சூப்பர்வைசர் வேற."

காலையிலிருந்து சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வேலை. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழிப்பறை கேட்டு மனு கொடுத்தும் முதலாளி "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மனு வேண்டாம், ஃப்ளெக்ஸ் வைப்போம் என்றேன். எங்கள் ஊரில் பிள்ளை பத்தாவது பாஸானாலும் ஃப்ளெக்ஸ், தெருவிளக்கு எரிந்தாலும் ஃப்ளெக்ஸ். பிளாஸ்டிக் போய்த் துணி போர்டாக மாறிய பிறகும் அதற்குப் பெயர் ஃப்ளெக்ஸ்தான். திட்டினால் கோபம் வரும். நன்றி சொன்னால்?

"பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தரும் எங்கள் அன்பு முதலாளிக்கு நன்றி." மேலே கும்பிட்டபடி அவர் போட்டோ, கீழே ஸ்டெல்லாவின் பெயர் — அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன்.

பிரின்டிங் கடை ஷிபுவுக்கோ கைப்பழக்கம். நன்றி போர்டு என்றால் திறப்பு விழா இல்லாமலா? பழைய போர்டில் இருந்ததை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டார். "திறப்பு விழா: மாதக் கடைசி ஞாயிறு, சர்ச் பூசை முடிந்ததும். பாயசம் உண்டு. அனைவரும் வருக."

சனிக்கிழமை ஜங்ஷனில் கட்டி முடித்த பிறகுதான் படித்தோம். ஸ்டெல்லாவின் வேலை போய்விடுமோ!

மறுநாள் சர்ச் வாசலில் முதலாளியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஃபாதர் கை குலுக்கினார். பஞ்சாயத்து மெம்பர், ரிப்பன் வெட்ட நானே வருகிறேன் என்றார். முதலாளி நேராக எங்களிடம் வந்தார்.

"ஸ்டெல்லே, யாரைக் கேட்டு இதை வெச்சது?"

"நீங்க செய்வீங்கன்னு நம்பி வச்சோம் மொதலாளி. தப்புன்னா கழட்டிருதோம்."

கழற்றினால் ஏன் என்று ஊரே கேட்குமே! அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போட்டோ கொள்ளாம், நல்லாயிருக்கு," என்றார். "பாயசம் யாரு வைக்கும்?"

மூன்றே வாரம். இரண்டு கழிப்பறை, ஒரு தண்ணீர் டேங்க், கதவுக்கு உள்தாழ்ப்பாள். மனுவுக்கு இளகாத மனசு பாராட்டுக்கு இளகிவிடுகிறது... அவருக்கு மட்டுமா? நமக்கும்தான்.

விழா முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, வேடிக்கை பார்க்கவே காட்டுக்குப் போனேன். ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று ஸ்டெல்லா ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு பாட்டில் இருந்தாக் குடுங்கக்கா."