குழாயில் துப்பிய பதினெட்டுப் பேருக்கு

சேது அண்ணா போய்விட்டார் என்று அவர் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது நான் பனகல் பார்க் சிக்னலில் ஆட்டோவில் இருந்தேன். அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. அவருடைய ஈமெயில் பாஸ்வேர்டு என் பர்ஸில் இருந்தது.

என் பெரியப்பா மகன். இன்சூரன்ஸ் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு வம்சாவளி எழுதுவதில் பைத்தியமாகிவிட்டார். தி. நகர் மண்டபத்தில் நடந்த அவரது எழுபது வயது நிறைவு விழா உங்களுக்கு மறந்திருக்காது. எச்சிலை வைத்துப் பூர்வீகம் சொல்லும் டி.என்.ஏ. கம்பெனி ஒன்றிலிருந்து குழாய்கள் வரவழைத்திருந்தார். எச்சில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாதாம். காலைக் காபியையே நிறுத்திவிட்டார். "காபி குடுக்காம துப்புன்னா எப்படிடா துப்பறது? வாயே காஞ்சு கெடக்கு!" என்று சித்தப்பா கத்தினார். ஆனாலும் ரத்த சொந்தம் பதினெட்டுப் பேர் ஆளுக்கொரு குழாயில் துப்பினோம். பூர்வீகம் தெரியப்போகிற குஷியில், கையெழுத்துப் போட்ட படிவத்தை ஒருவரும் படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மயிலாப்பூர் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். லேப்டாப் மூடியிருந்தது.

"ஒருத்தரோடது மட்டும் நம்மாத்தோட ஒட்டலைடா."

"யாரு அண்ணா? நானா?"

"கேக்காதே. 'உங்காத்துல யாருக்கு என்ன வியாதி'ன்னு முப்பது வருஷம் பாலிசிக்காக ஊராரைக் கேட்டு எழுதிண்டவன் நான். அப்போ வராத வெக்கம் இப்போ வரது."

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி அன்றே அந்தக் கம்பெனிக்கு எழுதினார். கோரிக்கை கிடைத்தது என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். உங்களிடம், குழாய்கள் தபாலில் கெட்டுவிட்டன என்றார். "காபியும் போச்சு, வம்சமும் போச்சு" என்று விசேஷத்துக்கு விசேஷம் நாம் கேலி செய்ததைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். விஷயம் தெரிந்த நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பாஸ்வேர்டு எழுதிய சீட்டை என் கையில் திணித்தார். "அழிச்சாளான்னு மெயிலை மட்டும் பாரு. கம்பெனில இருக்கற என் கணக்குக்குள்ள போயிடாதே. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

பத்தாம் நாள் காலை அவர் மெயிலுக்கு ஒரு செய்தி வந்தது: உங்களுக்குப் புதிய உறவினர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர்கள் எதையும் அழிக்கவில்லை! அடையாற்றில் எனக்குத் தெரிந்த வக்கீலிடம் ஓடினேன். துப்பிய ஒவ்வொருவரும் தன்னுடையதை அழிக்கச் சொல்லித் தானே எழுதுவதுதான் நல்லது என்றார். அதனால்தான் அண்ணா காத்த ரகசியத்தில் பாதியை உடைத்து, பதிமூன்றாம் நாளுக்கு வரும் உங்கள் கையில் இந்தத் தாளைக் கொடுக்கிறேன். செய்வது சரியா என்று தெரியவில்லை.

அந்த ஒருவர் யார் என்று கிளறாதீர்கள். தெரிந்த பிறகும் அண்ணா பதினெட்டுப் பேரையும் ஒரே மாதிரிதான், "வா, சாப்டியா?" என்று கேட்டார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தச் சீட்டு மட்டும்தான். எல்லாருடையதும் அழிந்த பிறகுதான் இதைக் கிழிக்க முடியும். அதுவரை, இதை வைத்து அவர் கணக்குக்குள் போனால், அது நானா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். தினமும் எடுக்கிறேன், மடித்து வைத்துவிடுகிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.