புகை வராத அடுப்பு

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில், போன வாரம் விறகடுப்பை எடுத்துவிட்டு பெல்லட் அடுப்பு வைத்துவிட்டார்கள். மரத்தூளை இறுக்கி விரல் நீளக் குச்சிகளாக்கி மூட்டையில் விற்கிறார்களே, அதைப் போட்டு எரிக்கும் அடுப்பு. அடியில் ஒரு சின்ன விசிறி உர்ரென்று காற்றை ஊதும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கிளாஸோடு எழுந்து சாலையோரம் போய் நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, உள்ளார எடமிருக்குதே. வெய்யில்ல நின்னு குடிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

காற்றாட நிற்கலாமே என்று சமாளித்தேன். நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை டீக்கடை அடுப்புக்குப் பயப்படுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு குஞ்சுக் கொட்டாய் இருந்தது. பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்து வளர்ப்போம். முதல் இரண்டு வாரம் அவற்றுக்குத் தீவனத்தைவிடச் சூடுதான் முக்கியம். அதற்காக, தார் டிரம்மை வெட்டிச் செய்த ஒரு விறகடுப்பு கொட்டாய் நடுவில் இருக்கும். கூரைக்கு மேல் புகைக்குழாய் போகும். குழாய் இருந்து என்ன, பாதிப் புகை உள்ளேதான் சுற்றும். கண்ணெரிச்சல் தாங்காமல் பக்கவாட்டுப் படுதாவைத் தூக்கிக் கட்டுவோம். "சூடெல்லாம் போவுது, எறக்குடா" என்று அப்பா கத்துவார். இறக்குவோம், மறுபடி தூக்குவோம். அந்தப் புகையை எங்கள் வீட்டில் வையாத ஆளில்லை.

என் சட்டை, தலையணை, எல்லாம் புகை நாற்றம். கல்யாணமான புதிதில் ஆட்டையாம்பட்டிக்கு மாமனார் வீட்டு விருந்துக்குப் போனபோது மச்சினன் முகர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, வர்ற வழியில பஸ்ஸு தீப்புடிச்சுதுங்களா?" என்று கேட்டான். என் மனைவி சுமதி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தறிக்காரர் வீட்டுப் பெண். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கள் கொட்டாய்க்குள் வந்த முதல் நாளே கண்ணீராகப் போனது. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து இமையே தடித்துவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ வேறு படித்திருந்தேன். படித்த படிப்பைப் புதுப் பெண்டாட்டியிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்த நண்பனைப் பிடித்து ஒரு பெல்லட் அடுப்பு வெல்டிங் வைக்கச் சொன்னேன்.

"கொழாய எந்தப் பக்கம் வெக்கட்டும்?" என்று கேட்டான்.

"பொகையே வராதுங்கறேன், கொழாய் எதுக்குடா?" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யார் மேலும் இதில் பழி இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் புதுக் குஞ்சுகள் வந்தன. பெல்லட் மூட்டையைப் பிரித்துப் பார்த்த அம்மா, "இது மாட்டுக்கா, கோழிக்கா?" என்று கேட்டாள். அடுப்பைப் பற்றவைத்தேன். துளி புகை இல்லை. கண் எரியவில்லை. படுதாவைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் நாலு பக்கமும் இறக்கி, சாரல் வராதபடி இறுக்கிக் கட்டினோம். எதற்கும் பாராட்டாத அப்பாகூட, "பரவால்லடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரவில் நானும் அப்பாவும் வெளித் தாழ்வாரத்தில் கட்டில் போட்டுப் படுத்து, அவ்வப்போது எட்டிப் பார்ப்போம். பகல் முழுக்க உள்ளே இருந்து பார்த்துக்கொண்டது சுமதி.

இரண்டாம் நாள் காலையில் அவளுக்குத் தலை சுற்றியது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்துக் காதோரம் கேட்டாள்: "தலைக்கு எப்ப ஊத்திக்கிட்ட சாமி?"

"நாப்பது நாளாச்சுங்கத்தே."

அவ்வளவுதான். வீடே மாறிவிட்டது. அம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள். அப்பா போய் ஆட்டையாம்பட்டிக்குப் போன் போட்டார். வெளியே நின்றுகொண்டிருந்த நான் உள்ளே வந்து சுமதியைப் பார்க்க வெட்கப்பட்டேன்.

"ஊட்டு வேல ஒண்ணும் தொட வேண்டாம். ஈரத்துல நடக்காத. கொட்டாய்லயே கதகதப்பா உக்காந்திரு சாமி," என்றாள் அம்மா. சாக்கு விரித்து, தலையணையும் போட்டுக்கொடுத்தாள். சாயங்காலமும் வாந்தி வந்தது. நாங்கள் இன்னும் சந்தோஷப்பட்டோம்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. விசிறி நிற்கும், குச்சிகள் உள்ளே கனன்றுகொண்டு கிடக்கும். நான் அடுப்புக்கு மூடி போட்டுவிட்டு, டவுனுக்குப் போய் மாங்காய் கிடைக்குமா என்று தேடினேன். ஐப்பசியில் மாங்காய்! ஊறுகாய்ப் பாக்கெட்தான் கிடைத்தது. மத்தியானம் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். மழை விட்டிருந்தது. இரண்டாயிரம் குஞ்சு இருக்கிற கொட்டாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

குளிர்ந்தால் குஞ்சு கத்தும், பசித்தால் கத்தும், சுகமாக இருந்தால் முனகிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கவே இருக்காது. உண்மையைச் சொல்கிறேன், படுதாவைத் தூக்கப் பயந்துகொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது ஒரு நிமிஷமாக இருந்தால்கூட என்னை நான் மன்னிக்க முடியாது.

உள்ளே குஞ்சுகள் தலையைத் தரையில் வைத்துக் கிடந்தன. சுமதி சாக்கின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் நல்ல சிவப்பாக இருந்தது. தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோளைத் தொட்டேன், தலை தொங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடிச் சேற்றில் விழுந்தேன். "அம்மா" என்று கத்தியதாக அம்மா பிறகு சொன்னாள். எனக்கு என் குரல் கேட்கவில்லை.

பக்கத்துப் பண்ணைக்கு முட்டை ஏற்ற வந்த வேனில் போட்டுக்கொண்டு நாமக்கல் போனோம். வழியெல்லாம் அம்மா அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக்சிஜன் வைத்தார்கள், சாயங்காலம் கண் திறந்தாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "மூடின எடத்துல என்ன எரிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு ஒன்று உண்டு, அது புகை இல்லாமலும் வரும் என்றார். வாந்தியும் தலைசுற்றலும் அதனால்தான். பரிசோதித்தும் பார்த்துவிட்டார். வயிற்றில் ஒன்றுமில்லை. புது இடம், அலைச்சல், நாள் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் வெளியே வந்தபோது மாமனாரும் மாமியாரும் அப்போதுதான் பஸ் இறங்கி, எங்கள் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து பதறி ஓடி வந்திருந்தார்கள். நல்ல சேதி கேட்டுக் கொண்டு வந்த கைமுறுக்குத் தூக்கு மாமியாரின் கையிலேயே இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் வார்டு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பிறகு கொட்டாய்க்குக் கேஸ் அடுப்பு வந்தது. பிறகு பெரிய பண்ணைக்காரர்கள் வந்தார்கள், நாங்கள் குஞ்சு வளர்ப்பதை விட்டோம். கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது மரவள்ளி நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, கொசு கடித்தாலும் சரி. அந்தக் கார்த்திகையிலேயே சுமதி தலைக்கு ஊற்றிக்கொண்டாள், அடுத்த வருஷம் மகள் பிறந்தாள்.

மகள் இப்போது ஒன்பதாவது. போன மாதம் அவள் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த சுமதி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அது இருந்திருந்தா இந்நேரம் பத்தாவது எழுதுமுங்க."

எது என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கும் தெரியும். இரண்டு நாள்தான் அது எங்கள் வீட்டில் இருந்தது.

"ஆமா," என்றேன்.